கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் எண்ணைப் படிக்கக் கற்போம்

கல்விக் கடன் கைக்கு வந்ததும் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க லோயாட் பிளாசாவுக்குக் கிளம்பும் மாணவர்கள் இன்று நம்மிடையே பலர். அதைக் குறை சொல்வதற்கில்லை. கணினி விளையாட்டு மட்டுமன்றி, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு எனப் படிப்புக்கும் அந்தக் கார்டு பயன்படுகிறது. ஆனால், ஆயிரக்கணக்கான வெள்ளி விலையுள்ள ஒரு பொருளை 'நொடிக்கு 100 பிரேம்' என்ற ஒரே ஓர் எண்ணை நம்பி வாங்குவது சரியா? அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில், தமது புதிய ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 549 அமெரிக்க டாலருக்கு ஆர்டிஎக்ஸ் 4090-இன் திறனைத் தரும் என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்தார். 4090 என்பது 2022-இல் 1,599 டாலருக்கு விற்பனைக்கு வந்த கார்டு. கேட்டவர்கள் வியந்தனர். மார்ச் மாதம் கார்டு வெளிவந்து, இரண்டையும் சம நிலையில் சோதித்தபோது 5070 வெகுவாகப் பின்தங்கியது.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கார்டு உண்மையாக வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் இடையே, செயற்கை நுண்ணறிவு மூன்று பிரேம்கள் வரை ஊகித்துச் செருகுகிறது. உண்மையில் 25 பிரேம் வரைந்தாலும் திரையில் 100 தெரியும். படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் சுட்டியை அசைத்தால் விளையாட்டு 25 பிரேம் வேகத்தில்தான் பதில் சொல்லும். இந்தத் தொழில்நுட்பம் பயனற்றதன்று. இதைப் பயன்படுத்திய எண்ணையும் பயன்படுத்தாத எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் தவறு.

இது புதிய கதையுமன்று. 2001-இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டு 'குவேக் 3' விளையாட்டில் நல்ல வேகம் காட்டியது. சோதனையாளர்கள் விளையாட்டுக் கோப்பில் 'குவேக்' என்று இருந்த பெயரை 'குவாக்' என்று மாற்றினர். வேகம் சரிந்தது! பெயரை அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது அதன் டிரைவர் மென்பொருள்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தோமே, அந்தப் பாடம் இங்குதான் கைகொடுக்கிறது. மாற்றப்படுவது கார்டு. அளக்கப்படுவது பிரேம் வேகம். மற்ற அனைத்தும் மாறாமல் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். 2020 டிசம்பரில் வெளிவந்த 'சைபர்பங்க் 2077' விளையாட்டைச் சோதனையாளர்கள் விரும்புவதற்கும் இதுவே ஒரு காரணம். கார்டுக்குக் கடும் வேலை கொடுப்பதோடு, ஒவ்வொரு முறையும் ஒரே காட்சியை ஓட்டிக்காட்டும் சோதனை வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எனவே, வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது, எந்தத் திரைத் தெளிவில் சோதித்தார்கள்? 4கே திரையில் 1080பி திரையைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளன. நம் மேசையில் இருப்பது 1080பி திரை என்றால், 4கே வெற்றி நமக்கு எதற்கு?

இரண்டாவது, எந்தச் செயலியுடன் சோதித்தார்கள்? பெரும்பாலும் சந்தையிலேயே வேகமான செயலியுடன். ஐந்தாறு ஆண்டுப் பழைய செயலியில் அதே கார்டு முழுத் திறனைக் காட்டாது.

மூன்றாவது, சராசரி மட்டுமா சொன்னார்கள்? 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை வர வேண்டும். முதல் முக்கால் நொடியில் 59 பிரேம்கள் வந்துவிட்டு, கடைசிப் பிரேம் கால் நொடி தாமதித்தாலும் சராசரி 60தான். ஆனால், திரை உறைந்து நிற்கும். ஆகவே, மிக மெதுவாக வந்த 1 விழுக்காட்டுப் பிரேம்களின் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, எந்த வெப்பநிலையில் சோதித்தார்கள்? 21 டிகிரி குளிரறையில் சோதித்த கார்டு, பகலில் 32 டிகிரியைத் தொடும் நம் அறையில் இன்னும் சூடாகும். விசிறி இரையும், வெப்ப வரம்பை எட்டினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எண்ணைத் தவறாகப் படித்தால் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. ஏமாற்றம் தந்த கார்டு சீக்கிரமே மாற்றப்படும். ஒருநாள் குப்பைக்குப் போகும். குப்பை எங்கே போகிறது என்பது ஜெஞ்சாரோம்வாசிகளான எங்களுக்குத் தெரியும். 2018 தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதிக்குத் தடை விதித்தபின், பிற நாடுகளின் கழிவு இங்கு வந்து குவிந்தது. சட்டவிரோத ஆலைகள் அதை எரித்தன. புகையைச் சுவாசித்த மக்களே விவரம் திரட்டிப் புகார் செய்த பிறகுதான் ஆலைகள் மூடப்பட்டன. மின்னணுக் கழிவோ நெகிழியோடு ஈயம் போன்ற உலோகங்களையும் சுமந்து வருவது. 2022-இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாக மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆகவே, முதலில் நம்மிடம் இருக்கும் கணினியையே சோதிப்போம். விளையாட்டிலுள்ள சோதனையை மூன்று முறை ஓட்டி எண்களைக் குறித்துக்கொள்வோம். நிழல், ஒளிப் பிரதிபலிப்பு போன்ற அமைப்புகளை ஒருபடி குறைத்து மீண்டும் ஓட்டுவோம். அதிலேயே போதிய வேகம் கிடைத்தால் பணம் மிச்சம். கிடைக்காவிட்டால், எது தேவை என்று தெரிந்து கடைக்குப் போகலாம். பள்ளிக் கணினிக் கழகங்கள் இதை ஒரு பிற்பகல் நடவடிக்கையாகவே நடத்தலாம். விளம்பர எண்ணைச் சோதித்துப் பார்க்கப் பழகிய மாணவர், நாளை எந்த எண்ணையும் அப்படியே விழுங்க மாட்டார்.