தெரிந்துகொள்வோம்: நிறம் சொல்லும் கோப்பு



கொம்பியூட்டரில் முப்பரிமாணப் படம் செய்யும் பிள்ளைகள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். பிள்ளை சிவப்புக் கதிரை ஒன்றைச் செய்து ஆசிரியருக்கு அனுப்புகிறது. அங்கே திறந்தால் கதிரை இருக்கிறது, சிவப்பு இல்லை. வெறும் சாம்பல் நிறம். பிள்ளை முகம் வாடி நிற்க, "எங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கத் தேவையில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எங்களுக்கே விளங்கிய விசயம் இது.

இப்படியான படங்கள் பல நேரம் இரண்டு கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. ஓ.பி.ஜே. என்று முடியும் கோப்பில் உருவம் மட்டும் இருக்கும். நிறமும் மினுக்கமும் எம்.டி.எல். என்று முடியும் சின்னக் கோப்பில் இருக்கும். எங்கள் தொழிற்சாலையில் உதிரிப்பாகப் பெட்டியோடு, என்ன பெயின்ற் அடிக்க வேண்டும் என்ற துண்டு வரும். துண்டு தவறினால் பாகம் நிறமில்லாமல் கிடக்கும். இதுவும் அப்படித்தான்.

இந்த முறையைக் கொண்டுவந்தது 1984இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வேவ்ஃபிரண்ட் நிறுவனம். 1995இல் அது வேறு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. கோப்பு முறை மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளும் இதை எழுதும், வாசிக்கும்.

எம்.டி.எல். கோப்பை நோட்பாட்டிலேயே திறக்கலாம். உள்ளே சில வரிகள்தான்.

கே.டி.: பொருளின் நிறம். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 1 வரை. 1 0 0 என்றால் தனிச் சிவப்பு. மூன்றும் 0 என்றால் கறுப்பு.

கே.எஸ்.: மினுக்கத்தின் நிறமும் அளவும். மண்சட்டிக்குக் குறைவு, எவர்சில்வர் செம்புக்குக் கூட.

என்.எஸ்.: வழக்கமாக 0 முதல் 1000 வரை. எண் சிறிதென்றால் வெளிச்சம் பரந்து மங்கும். பெரிதென்றால் ஒரு புள்ளியாகக் கூர்மையாகத் தெறிக்கும்.

டி.: 1 என்றால் மறைக்கும் பொருள். எண் குறையக் குறையக் கண்ணாடி போல ஊடே தெரியும்.

இந்த மினுக்கக் கணக்குக்கு வழி காட்டியவர் பூய் துவோங் ஃபோங். 1942இல் ஹனோயில் பிறந்து, பிரான்சில் படித்து, 1973இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வாக இதைச் செய்தார். 1975இல், முப்பது கடந்த சில ஆண்டுகளில் காலமானார். அவருடைய குடும்பப் பெயர் முன்னால் வரும் பூய். உலகமோ கடைசியில் உள்ள ஃபோங்கைப் பிடித்துக்கொண்டது. முதற்பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று கந்தோர்களில் விளக்கிக் களைத்த எங்களுக்கு இது புதினமல்ல.

இனி, அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஓ.பி.ஜே., எம்.டி.எல். இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்துச் சேர்த்தே அனுப்புங்கள்.

2. எம்.டி.எல். கோப்பின் பெயரை மாற்ற வேண்டாம். அந்தப் பெயர் ஓ.பி.ஜே. கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றினால் தேடிக் கிடைக்காது.

3. மரம், துணி போன்ற படம் ஒட்டியிருந்தால் அந்தப் படக் கோப்பும் கூடவே போகவேண்டும்.

வைத்தியரிடமும் கந்தோரிலும் எங்களுக்காக மொழிபெயர்ப்பது எங்கள் பிள்ளைகள்தான். ஒரு முறையாவது நாம் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, "அந்த எண்ணை மாற்றிப் பார்" என்று சொல்லுவோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.