டிவி வாங்கப் போகிறீர்களா? பின்னால் சேர்க்க முடியாததைப் பாருங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு அடுத்த கேள்வி டிவியைப் பற்றித்தான் வருகிறது. "இன்னா அண்ணே, புது டிவி வாங்கறோம், கம்ப்யூட்டரையும் அதுலயே மாட்டிக்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். மாட்டலாம். ஆனால் கடைக்குப் போனால் பெட்டியின் மேல் 4கே, எச்.டி.ஆர்., கியூ.எல்.இ.டி., டால்பி என்று வரிசையாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஒரு விலை உண்டு. அதில் எதற்குப் பணம் கொடுப்பது?

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். டிவியோடு வந்தால்தான் உண்டு, பிறகு சேர்க்க முடியாது என்று இருக்கும் வசதிகளுக்குப் பணம் கொடுக்கலாம். திரை, அதன் அளவு, பின்பக்க சாக்கெட்டுகள் எல்லாம் இந்த வகை. பிறகு வெளியிலிருந்து மாட்டிக்கொள்ளக் கூடிய வசதிக்காக இன்றைக்கே கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

நம் ஊர் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. 2003 செப்டம்பரில் சென்னையில் 'காஸ்' முறை வந்தபோது, கட்டணச் சேனல்கள் வேண்டும் என்றால் தனியாக ஒரு செட்-டாப் பாக்ஸ் வாங்க வேண்டும் என்றார்கள். 2006-இல் தமிழக அரசு 14 அங்குல இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-இல் அதுவும் டிஜிட்டல் பாக்ஸுக்கு மாறியது. இத்தனை மாற்றத்திலும் பழைய டியூப் டிவிகள் பல வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று பின்னால் இருந்த மூன்று சாக்கெட்டுகள் போதுமானதாக இருந்தன. புதிதாக வந்ததை எல்லாம் அதில் செருகிக்கொண்டோம்.

இப்போது ஸ்மார்ட் டிவியைப் பாருங்கள். 2015 ஏப்ரலில் யூ டியூப் தன் பழைய தொழில்நுட்பத்தை நிறுத்தியபோது, 2012-க்கு முந்தைய பல டிவிகளில் யூ டியூப் வேலை செய்யாமல் போனது. 2019 டிசம்பரில், 2010, 2011-இல் வந்த சில சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த சாஃப்ட்வேருக்குத்தான் வயதாகிவிட்டது. அவதார் படத்துக்குப் பிறகு 2010-இல் பெரிதாகப் பேசப்பட்ட 3டி டிவியின் கதை இன்னும் மோசம். 2017-க்குள் சாம்சங், எல்.ஜி., சோனி மூன்றும் அதைக் கைவிட்டுவிட்டன. கண்ணாடிக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவர்கள் கொடுத்ததுதான்.

இன்று ஸ்மார்ட் இல்லாத டிவி கிடைப்பது குறைவு. எனவே வந்தால் வரட்டும். ஆனால் "இதில் இன்ன ஆப் எல்லாம் இருக்கிறது" என்று கடைக்காரர் சில ஆயிரம் கூடுதலாகக் கேட்டால் யோசியுங்கள். ஐந்து வருடம் கழித்து அது மெதுவானால், ஒரு ஸ்டிக் வாங்கி எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டில் செருகினால் வேலை முடிந்தது. தமிழில் பேசினால் தேடித் தரும் ரிமோட்டைப் பலர் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். எழுத்து தட்டத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீட்டில் அதுதான் மிகவும் பயன்படுகிற வசதி என்பேன். அதுவும் ஸ்டிக்கோடு வருகிறது.

அதனால் சாக்கெட்டுகளை எண்ணுங்கள். செட்-டாப் பாக்ஸுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று, நாளைய ஸ்டிக்குக்கு ஒன்று என்று மூன்று எச்.டி.எம்.ஐ. வேண்டும். 32 அங்குல மாடல்கள் பலவற்றில் இரண்டுதான் இருக்கும். மூன்றாவது சாக்கெட்டுக்காக கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. பழைய பாக்ஸ் வைத்திருப்பவர்கள் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒலி குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். கம்ப்யூட்டரோடு வாங்கிய 2.1 ஸ்பீக்கரை மாட்டிக்கொள்ளலாம். அதற்கு ஹெட்போன் துளை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது 4கே. கொஞ்சம் கணக்குப் போடலாம். சாதாரண கேபிள் சேனலின் படத்தில் 720 x 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840 x 2160, அதாவது சுமார் 83 லட்சம். வகுத்துப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. சேனல் அனுப்பும் ஒரு புள்ளியை டிவி இருபதாக இழுத்து நிரப்ப வேண்டும். மீதி 19 புள்ளிகளும் டிவியின் ஊகம்தான். கடையில் படம் பளிச்சென்று தெரிவது, அவர்கள் போடும் வீடியோவே 4கே என்பதால். "உங்க வீட்டு கேபிள் சேனலைப் போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

தூரமும் முக்கியம். நான் எழுதுவது எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் இது. இங்கே பல வீடுகளில் டிவிக்கும் உட்காரும் இடத்துக்கும் ஆறடிக்கு மேல் இருக்காது. 43 அங்குலத்தில் முழு எச்.டி. படத்தின் புள்ளிகளை நல்ல பார்வை உள்ளவர் பிரித்துப் பார்க்க ஐந்தரை அடிக்குள் வர வேண்டும். ஆறடியில் 4கே-யும் முழு எச்.டி.யும் ஏறக்குறைய ஒன்றுதான். 55 அங்குலத்துக்கு மேல் 4கே இல்லாமல் கிடைப்பதே அரிது என்பதால் அங்கே கேள்வி எழாது.

கம்ப்யூட்டரை மாட்டுவதென்றால் மட்டும் கணக்கு மாறும். மேசையில் இரண்டரை அடியில் உட்கார்ந்து எழுத்து படிக்கும்போது, 32 அங்குல 'எச்.டி. ரெடி' திரையின் 1366 x 768 புள்ளிகள் பொத்தல் பொத்தலாகத் தெரியும். அந்த அளவில் முழு எச்.டி.க்குக் கூடுதலாகக் கொடுங்கள். மாட்டிய பிறகு ஸ்கிரீனின் ஓரம் வெட்டுப்பட்டால் பயப்படாதீர்கள், டிவியின் படம்-அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற ஒரு அமைப்பு இருக்கும்.

ஸ்டிக்கரில் வராத ஒரு வசதி, பக்கவாட்டுப் பார்வை. ஷோரூமில் கண்ணுக்கு நேராக நின்று பார்க்கிறோம். வீட்டிலோ டிவி சுவரில் உயரத்தில் இருக்கும், நாம் பாயில் உட்கார்ந்திருப்போம். கிரிக்கெட் என்றால் வாசல்படியிலும் நான்கு பேர் இருப்பார்கள். சில திரைகளில் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். கடையில் வெட்கப்படாமல் குனிந்தும், ஓரத்தில் போய் நின்றும் பாருங்கள். இது திரையோடு பிறந்த குணம், பிறகு மாற்ற முடியாது. எச்.டி.ஆர். என்ற ஸ்டிக்கரை விட இதற்குத்தான் நான் பணம் கொடுப்பேன். விலை குறைந்த டிவிகள் எச்.டி.ஆர். படத்தை வாங்கிக்கொள்ளுமே தவிர, அதைக் காட்டும் அளவு வெளிச்சம் அவற்றில் இருப்பதில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டிவியை இங்கே அதிகம் கெடுப்பது உப்பு. காற்றில் வரும் உப்புத்தூள் சர்க்யூட் போர்டில் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். இங்கே விடியற்காலையில் அந்த ஈரப்பதம் சாதாரணம். திரை ஓரத்து மெல்லிய ரிப்பன் இணைப்பு அரித்தால் படத்தில் கோடு கோடாக விழும். திரையை மாற்றச் செலவு டிவி விலையில் பாதிக்கு மேல் போகலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்த சர்வீஸ் ஆள் பின்மூடியைக் கழற்றினார், பச்சை பூத்திருந்த போர்டைப் போட்டோ எடுத்தார், "உப்புக் காத்து, வாரண்டி வராதும்மா" என்று சொல்லிப் போய்விட்டார். டிவி வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது, தவணை பாக்கி இருந்தது. கடலுக்குப் போனால்தான் காசு என்று இருக்கும் வீடு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்தபோது படகும் வலையும் நாள்கணக்கில் கிடந்தன. தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது. இப்படிப்பட்ட வீட்டில் பத்தாயிரம் ரூபாய் கூடுதல் ஸ்டிக்கரை விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எனவே கடலோரத்தில் பெரிய டிவியைவிட, பழுதானால் தாங்கக் கூடிய விலையில் ஒரு டிவி வாங்குவதே நல்லது. 2025 செப்டம்பரில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. அதற்காகவே பெரிது வாங்க வேண்டியதில்லை. சில மாடல்களில் போர்டுக்கு ஈரம் தாங்கும் பூச்சு இருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் வசதி அதுதான், அதற்குக் கொடுக்கலாம். கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டிவியை மாட்டாதீர்கள். சுவரில் மாட்டும் ஸ்டாண்டுக்கு ஆகும் செலவு வீண் இல்லை, வெள்ளம் வந்த வீடுகளுக்கு அதன் அருமை தெரியும்.

ஸ்டெபிலைசர் பற்றிக் கடையில் கட்டாயம் பேசுவார்கள். டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை டிவியே சமாளித்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் சர்ஜ் புரொடக்டர் வாங்கி, வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள், அந்த வழியாகவும் மின்சாரம் பாயும்.

பணம் கட்டுவதற்கு முன் வாரண்டி அட்டையைக் கேட்டு வாங்கி, எதற்கெல்லாம் வாரண்டி இல்லை என்ற பகுதியைப் படியுங்கள். 'அரிப்பு' என்ற சொல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். கூடுதல் பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு வாரண்டியிலும் அதே சொல் இருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். உப்புக் காற்றுக்கும் சேர்த்து வாரண்டி உண்டு என்று விற்பனையாளர் சொன்னால், அதை பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள்.