மாறு, மாறுன்னு சொல்றவங்களுக்கு

போன மாதம் திருச்சியில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். எங்க ஜீயபுரம் பக்கத்திலிருந்து பத்துப் பேர். லால்குடி, முசிறி, தொட்டியம்னு எல்லாரும் சேர்த்து அறுபது பேர் இருப்போம். முக்கால்வாசிப் பேர் வாழை போடுறவங்க. ஏசி ஹால். பேச வந்தவர் சின்ன வயசுத் தம்பி, நல்லா படிச்சவர். திரையில் முதல் படமே கோடாக் பிலிம் சுருள். "இந்தக் கம்பெனி ஏன் செத்துச்சு தெரியுமா? காலத்துக்கு ஏத்த மாதிரி மாறல. நீங்களும் மாறலைன்னா இதே கதிதான்" என்றார். புது ஐடியா வேணும், வியாபார முறையையே மாத்தணும், ரிஸ்க் எடுக்கணும்னு ஒரு மணி நேரம் பேசினார்.

அப்புறம் சாப்பாடு. வாழை விவசாயி அறுபது பேருக்கு வாழை இலை மாதிரியே பச்சையா அச்சடிச்ச காகித இலை! மேலே பளபளன்னு பிளாஸ்டிக் பூச்சு வேற. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டெல்லாம் 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதைத் தடவிப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, இவங்க மாறச் சொன்னது இப்படித்தானா?" என்றார்.

அங்கே சிரிச்சுட்டு வந்துட்டேன். ராத்திரி தூக்கம் வரல. அதனால்தான் இதை எழுதுறேன். டவுனில் இருந்து படிக்கிற நீங்க கொஞ்சம் பொறுமையா படிக்கணும்.

முதலில் அந்தக் கோடாக். மகளிடம் சொல்லித் தேடச் சொன்னேன். டிஜிட்டல் கேமராவை 1975-லேயே செஞ்சு பார்த்தது கோடாக்கின் சொந்த இன்ஜினியர்தானாம். பிலிம் வித்து லாபம் கொட்டிக்கிட்டு இருந்ததால் அதைப் பெருசா எடுத்துக்கல. 2012-ல் திவால் நோட்டீஸ் கொடுத்தது. அதே தொழிலில் இருந்த ஜப்பான் கம்பெனி ஃபூஜி, பிலிமில் தெரிஞ்ச ரசாயன வித்தையை வெச்சு முகக் கிரீம், மருந்து, டிவி திரைக்கான படலம்னு திரும்பிப் பிழைச்சுக்கிட்டது. தம்பி சொன்னது இதுவரைக்கும் சரி.

சொல்லாமல் விட்டது இரண்டு. ஒண்ணு, ஃபூஜி திரும்பினப்போ அதன் கையில் பல வருஷ லாபம் சேர்ந்து கிடந்தது. இரண்டு, 2006-ல் ஐயாயிரம் பேர் வேலையைக் குறைக்கப் போறதா அதே ஃபூஜி அறிவிச்சது. கம்பெனி மாறிச்சு. மாறின செலவில் ஒரு பங்கை அந்த ஐயாயிரம் பேர் கொடுத்தாங்க. மாத்தம்னா அதுக்கு ஒரு பில் வரும். அந்த பில்லை யார் கட்டுறாங்கன்னு பார்க்காமல் "மாறு, மாறு"ன்னு சொல்றது சும்மா பேச்சு. இதுதான் என் வாதம்.

கோடாக் வரைக்கும் எதுக்குப் போகணும்? திருச்சியிலேயே கதை கிடக்கு. உறையூர் சுருட்டு ஒரு காலத்தில் சீமை வரைக்கும் போனது. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே (1887) திருச்சினாப்பள்ளி சுருட்டு வருது. சிகரெட்டு வந்தது, வெள்ளைக்காரன் போனான், சுருட்டு சுருங்கிப்போச்சு. அடுத்தது செயற்கைக் கல். திருச்சியிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கல்லுக்குப் பட்டை தீட்டின குடும்பங்கள் எத்தனையோ. மெஷினில் பட்டை தீட்டின கல் வெளிநாட்டிலிருந்து மலிவா வந்து இறங்கினதும் திண்ணை காலி. அவங்க கைக்குத் திறமை இல்லையா? கத்துக்க மாட்டோம்னு சொன்னாங்களா? புது மெஷின் வாங்கக் காசும் இல்ல, வித்துக்க வேற ஆளும் இல்ல.

எனக்கு நல்லா தெரிஞ்ச கதை துவாக்குடி. என் மச்சான் அங்கே ஒரு சின்னப் பட்டறையில் வெல்டர். செக்கோஸ்லோவாக்கியா உதவியோட 1960-களில் திருச்சிக்கு பெல் வந்தது. அனல் மின் நிலையத்துக்கு பாய்லர் செய்யுற பெரிய தொழிற்சாலை. அதைச் சுத்தி நூத்துக்கணக்கில் சின்னப் பட்டறைகள் முளைச்சன. பெரிய கம்பெனி இரும்புத் தகடும் வரைபடமும் கொடுக்கும். பட்டறைக்காரர் வெட்டி, வளைச்சு, பத்தவெச்சுக் கொடுப்பார். டன்னுக்கு இவ்வளவுன்னு கூலி. ஷெட்டு, கிரேன், மெஷின் எல்லாம் பேங்க் கடனில் வாங்கினது. எல்லாமே அந்த ஒரு வேலைக்கு ஏத்தபடி வாங்கினது. ஊரே அதில் செழிச்சது, பொய் இல்ல.

2012-ஐ ஒட்டி நாட்டில் புது அனல் மின் நிலைய ஆர்டர் குறைஞ்சது. அது யார் தப்பும் இல்ல, காலம் மாறிச்சு. 2015-16-ல் பெல்லே நஷ்டக் கணக்கு காட்டினது. ஆனா அது அரசாங்கத்துக் கம்பெனி, நாடு முழுக்கத் தொழிற்சாலை இருக்கு, நஷ்டத்தைத் தாங்குச்சு, வேற வேலையும் தேடிச்சு. 2023-ல் இன்னொரு கம்பெனியோட சேர்ந்து வந்தே பாரத் ரயில் ஆர்டர் வாங்குச்சு. அதுக்கப்புறம் அனல் மின் நிலைய ஆர்டரும் திரும்ப வர ஆரம்பிச்சது. எனக்குச் சந்தோஷம்தான். பட்டறைகள் கதை வேற. கையில் கொஞ்சம் காசும் வெளியில் பழக்கமும் இருந்தவங்க ரயில்வே, காற்றாலைன்னு திரும்பிக்கிட்டாங்க. மத்தவங்களுக்கு ஷெட்டு பேங்குக்குப் போச்சு. என் மச்சான் வேலை பார்த்த பட்டறையும் அதில் ஒண்ணு. "மாமா, எனக்கு வேலை தெரியாமப் போகல, வேலை இல்லாமப் போச்சு" என்பான். இப்போ சரக்கு ஆட்டோ ஓட்டுறான். இன்னைக்கு ஆர்டர் திரும்ப வந்தாலும் வித்த கிரேன் திரும்ப வருமா?

பத்து வருஷம் பொறுத்திருக்க முடிஞ்ச பெரியவன் மாறினான்னு பேர் வாங்குறான். பத்து மாசம்கூடத் தாங்க முடியாத சின்னவன் மாறத் தெரியாதவன்னு பேர் வாங்குறான். இதுதாங்க நடப்பு.

இப்போ எங்க கதைக்கு வர்றேன். விவசாயி மாற மாட்டான்னு யார் சொன்னது? மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கிறது வழக்கம். 2012-லிருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கல. 2024-ல் ஜூலை 28-ல் திறந்தாங்க. தேதி தப்புறப்போ எல்லாம் நாங்க பயிரை மாத்தினோம். என்னோட இரண்டரை ஏக்கரில் அப்பா காலத்தில் இரண்டு போகம் நெல். இப்போ ஒரு பக்கம் சம்பா, ஒரு பக்கம் பூவன் வாழை. நூறு சதம் மானியத்தில் சொட்டு நீர் போட்டேன். தாரை மட்டும் நம்பக் கூடாதுன்னு இலை அறுத்து ஸ்ரீரங்கத்தில் இரண்டு மெஸ்ஸுக்குப் போட்டேன். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு இலைக்கட்டு பத்தாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. மெஸ் மூடினது, கல்யாணம் நின்னது, கோயிலும் சாத்தினது. அப்போ டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பழத்தைக் கட்டிக்கிட்டு ஸ்ரீரங்கத்தில் தெருத் தெருவா வித்தேன். இதுக்குப் பேர் என்ன தம்பி? உங்க திரையில் வந்தா புதுமை, என் வண்டியில் வந்தா பிழைப்பு. அவ்வளவுதானே?

இன்னொண்ணும் சொல்றேன். மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு வியாபாரி தோட்டத்துக்கே வந்து நானூறு தாருக்கு விலை பேசி ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். அந்த வாரமே மண்டியில் விலை இறங்கிச்சு. போனை எடுக்கல. நாலு நாள் பார்த்தேன், தார் மரத்திலேயே பழுக்க ஆரம்பிச்சது. கடைசியில் கிடைச்ச விலைக்கு நானே வெட்டி ஏத்தினேன். வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் போக மிஞ்சினதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. சூழ்நிலைக்கு ஏத்தபடி அவர் மாறிட்டார். ஐயாயிரத்தோட அவர் ரிஸ்க் முடிஞ்சது. பத்து மாச ரிஸ்க் என் தலையில். அவர் மாறின பில்லை நான் கட்டினேன்.

சட்டம்னு ஒண்ணு இருக்கிறது எதுக்கு? கரும்பு கொடுத்தா 14 நாளில் ஆலை பணம் கொடுக்கணும்னு 1966-லேயே உத்தரவு இருக்கு. சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கினா 45 நாளுக்குள் கொடுக்கணும்னு 2006-ல் சட்டம் வந்தது. இதெல்லாம் முழுசா நடக்குதான்னு கரும்புக்காரரைக் கேளுங்க, பட்டறைக்காரரைக் கேளுங்க. ஆனா சண்டை போட ஒரு காகிதமாவது அவங்க கையில் இருக்கு. வாழைக்கு எத்தனை நாள்? மண்டிக்காரர் மனசு வெச்ச நாள்.

அதிகாரிகள் கொண்டுவர்ற மாத்தம் எப்படி இருக்குன்னு பார்க்கணுமா? திருச்சி - மதுரை ரோட்டில் கள்ளிக்குடிக்குப் போங்க. காந்தி மார்க்கெட் நெரிசலுக்கு மாற்றுன்னு பல கோடி போட்டு 2017-ல் திறந்த மார்க்கெட். வியாபாரிகள் போக மாட்டோம்னுட்டாங்க, காந்தி மார்க்கெட் இருந்த இடத்திலேயே ஓடுது. யாருக்காகக் கட்டுறோமோ அவங்க ஒத்துக்கிட்டாங்களான்னு முதலில் பார்க்காமல் செய்யுற புதுமைக்கு இதைவிடப் பெரிய பாடம் வேணாம்.

"அப்போ மாறவே வேணாம்கிறீங்களா?"ன்னு கேப்பீங்க. இல்ல. எங்க மேலயும் தப்பு இருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் பூவனில் லாபம் பார்த்தா ஊரே பூவன் வைப்போம், அடுத்த வருஷம் ஊரே அழுவோம். ஒரே வியாபாரியை இருபது வருஷம் நம்புவோம். பத்து விவசாயி சேர்ந்தாலே சொந்தமா உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கலாம்னு 2002-லேயே சட்டம் திருத்தியாச்சு. தொட்டியம் பக்கம் வாழைக்காரங்க அப்படிச் சேர்ந்து நடத்துறாங்க. எங்க ஊரில் மூணு தடவை கூட்டம் போட்டோம். தலைவர் யாருங்கிற சண்டையில் மூணு தடவையும் கலைஞ்சோம். அந்தச் சண்டையில் நானும் இருந்தேன், ஒளிக்க மாட்டேன்.

அதனால் நான் கேக்குறது சின்னதுதான். மாறுறதுக்கு முதலில் நிக்க இடம் வேணும். ஒரு வருஷம் தோத்தாலும் தாங்குற அளவுக்குக் கையில் காசு, வித்துக்க இரண்டாவது ஆள், வித்த பணம் இந்தத் தேதிக்கு வரும்ங்கிற உறுதி. இந்த மூணும் இருந்தா எங்களுக்குப் பாடம் எடுக்க யாரும் வர வேணாம், நாங்களே மாறிக்குவோம். இந்த மூணும் இல்லாதவன்கிட்ட "ரிஸ்க் எடு"ன்னு சொல்றது, நீச்சல் தெரியாதவனை வெள்ளத்தில் கொள்ளிடத்துக்குள் தள்ளிட்டுக் கரையில் நின்னு வகுப்பு எடுக்கிற மாதிரி.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த விசேஷத்துக்குக் கேட்டரிங்காரர் காகித இலை கொண்டு வந்தா வேணாம்னு சொல்லுங்க. பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு அது இரண்டாவது ஆள்.

அந்தத் தம்பிக்கும் சொல்லி அனுப்பியிருக்கேன். அடுத்த கூட்டத்தை என் தோட்டத்தில் வெச்சுக்கலாம். சாப்பாடு என் பொறுப்பு. இலையும்தான்.