கேரட்டுக்கு ஆடிப்பட்டம் கிடையாது

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது கேரட்டுக்குச் சொன்னதில்லை. ஆனாலும் ஆடி பிறந்ததும் திருச்சியில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் கத்தரி, வெண்டையோடு கேரட் விதையும் வாங்கிவிடுகிறார்கள். சீக்கிரம் போட்டால் சீக்கிரம் வரும் என்று கணக்கு. வராதுங்க. கால் அங்குல ஆழத்தில் கிடக்கிற விதை முளைக்க 10, 15 நாள் ஆகும். நம்ம ஊர் ஆடிக்காற்று மேல்மண்ணை ஒரே மத்தியானத்தில் காயவைத்துவிடும். தப்பி முளைத்தாலும் வெயிலில் கிழங்கு வெளிறி நாராகும். ஐப்பசியில் போட்டாலோ அடைமழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு தடவை ஏமாந்தவர், 'இது மலைக்காய்' என்று தோட்டத்தையே விட்டுவிடுகிறார். அதுதான் எனக்கு வருத்தம்.

கார்த்திகைக் கடைசியில், மழை விட்டதும் போடுங்கள். ஸ்ரீரங்கத்துக் கொல்லைகளில் காவிரி வண்டல் இருந்தால் யோகம். களிமண் என்றால் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து முக்கால் அடி கொத்திவிடணும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், கிழங்கு கவைவிடும். நாற்றுவிட்டு நடவும் கூடாது. நனைத்த சாக்கால் மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு விரல் இடைவெளிக்குக் கலைத்துவிடணும். அதற்குத்தான் நம்மவர்களுக்கு மனசு வராது.

அவசரத்தைப் பறிப்பில் காட்டுங்கள். ஊட்டி கேரட் அளவுக்குப் பருக்கட்டும் என்று பங்குனிவரை விட்டால் ருசி போச்சு. 60, 70 நாளில், விரல் பருமனிலேயே பிடுங்கிவிடலாம். முதிர்வுக்கு முன் டெபாசிட்டை உடைக்காதீர்கள் என்று வங்கியில் சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றவன் நான். இந்த ஒன்றை உடைக்கலாம். காந்தி மார்க்கெட் கேரட்டில் தழை அநேகமாக இருக்காது. நம்முடையதில் அதையும் துவையல் அரைக்கலாம்.