கலைப்பட்டமும் கடன்கணக்கும்

பீகாரிலிருந்த பழைய நாலந்தாவில் மாணாக்கரின் ஊணுக்கும் உடைக்கும் ஏறத்தாழ நூறு ஊர்களின் வருவாய் விடப்பட்டிருந்ததென்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் வரலாறு கூறும். மாத்தளை மாவட்டத்திலே, யாழ்ப்பாண வீதியோரத்தில் இருக்கும் எங்கள் நாலந்தாவில் நிலைமை மறுதலையானது. ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்காக ஒரு குடும்பமே தன் வருவாயை விட்டுக்கொடுக்கிறது.

இந்நாட்டில் கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் கல்வி இலவசம். ஆகவே மாணவர் கடன் என்பது இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் பிடித்த நோய், நமக்கு அந்தக் கவலை இல்லை என்பாருளர். நான் அதற்கு உடன்படேன். நம்மவர் கடன் வங்கிப் பேரேட்டில் மாணவன் பெயரில் ஏறுவதில்லை, அவ்வளவே வேற்றுமை. தாயின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கும். தம்பி படிப்பை நிறுத்திக் கடையொன்றில் நிற்பான். பேராதனையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் கூலி, நூற்பிரதி எடுக்கும் செலவு ஆகிய யாவும் இவ்வழியிலேதான் வந்து சேருகின்றன.

உதவி இல்லையா என்றால், உண்டு. 1981இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் எத்தனையோ ஏழை மாணவரைக் கரையேற்றியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. ஆயினும் 2024இல் அப்புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாய். அவ்வாண்டிலே தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 1,350 ரூபாய். நான்கு நாட் கூலிக்கும் எட்டாத தொகையைக் கொண்டு முப்பது நாள் ஒருவன் எப்படிப் படிப்பான்?

இனி வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். 2020இல் அரசாங்கம் வேலையற்ற பட்டதாரிகளைப் பல்லாயிரக்கணக்கில் பயிலுநராகச் சேர்த்தது. சமூகவியல், பொருளியல், அரசறிவியல், வரலாறு படித்த கலைப்பட்டதாரிகள் அவர்களிலே ஏராளம். மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். அடுத்த ஆண்டு தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபாயாயிற்று. இருபது நாள் வேலை கிடைத்த கொழுந்து பறிப்பவளுக்கும், பட்டம் பெற்ற பயிலுநருக்கும் வருமானம் ஒன்றே! கொழுந்து பறிப்பவளின் உழைப்பைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. அவளுக்கு அதுவும் போதாது. பட்டத்துக்காக அடகு வைத்தவள் அநேகமாக அவளேயாதலால் சொல்கிறேன்.

இருந்தும் அக்குடும்பத்தின் கணக்கை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பயிலுநர் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ ஆசிரியராகவோ நிரந்தரமாகலாம். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாத மாதச் சம்பளம் ஒன்று வீட்டுக்குள் வரும் என்பதே அவர்கள் விலை கொடுத்து வாங்கும் பொருள். இதில் கொடியது காத்திருப்பு. அரசாங்கம் ஆள் சேர்ப்பது ஆண்டுதோறும் அன்று. அரசியல் காற்று வீசும் திசையைப் பொறுத்தது. பட்டமளிப்பு விழாவுக்கும் நியமனக் கடிதத்துக்கும் இடையே அடகு வட்டி மாத்திரம் தவறாமல் வளருகிறது.

“வருமானம் தரும் பாடத்தைப் படிப்பதுதானே?” என்று நகரத்து நண்பர்கள் எளிதாகக் கேட்கின்றனர். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை 1ஏபி வகை. கலையும் வர்த்தகமும் மாத்திரம் உள்ளது 1சீ வகை. நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் எட்டுந்தூரத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதே. பௌதிகம் தமிழில் பயில வேண்டுமாயின் மாத்தளை நகரத்துக்கோ கண்டிக்கோ போகவேண்டும். அதற்கு மறுபடியும் விடுதி, மறுபடியும் அடகு. பதினாறு வயதில் ஊரே தேர்ந்து கொடுத்த பாடத்தை இருபத்தைந்து வயதில் அவன் குற்றமாகச் சுமத்துவது எந்த நியாயம்? படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியை டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு 1971இலேயே எடுத்துக் காட்டியது. அதே ஆண்டில் இளைஞர் கிளர்ச்சி எழுந்ததையும் நாம் மறக்கவில்லை.

2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டமொன்றும் நடைபெற்றிருக்கிறது. பல்கலைக்கழக அனுமதி கிட்டாதவர் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் படிப்பதற்கானது அது. வட்டியை அரசு ஏற்பது நல்லதே. முதலைத் திருப்புவது எவ்வாறு என்பதே கேள்வி. அவுஸ்திரேலியா 1989இல் ஒரு வழி கண்டது: வருமானம் குறித்த எல்லையைத் தாண்டினாலன்றித் தவணை இல்லை. இங்கிலாந்திலும் அவ்வாறே, 2023 முதல் சேர்ந்தோர்க்கு எல்லை ஆண்டுக்கு 25,000 பவுண் என்று தொடங்கியது, அதற்கு மேற்பட்ட வருவாயில் நூற்றுக்கு ஒன்பது, நாற்பது ஆண்டில் மீதி தள்ளுபடி. அறிவுடைய ஏற்பாடு. ஆனால் வரி அலுவலகத்தின் கண்ணிற் படாமலே பாதி ஊர் பிழைக்கும் நம் நாட்டில் அதை அப்படியே பெயர்த்து நடமுடியாது. இங்கே முதலிற் செய்யத்தக்கது, புலமைப்பரிசிலைக் கூலி உயர்வோடு பிணைத்து, நியமனம் தாமதிக்கும் மாதங்களுக்கும் அதை நீட்டுவதே என்பது என் கருத்து.

கலைப்பட்டம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். எங்கள் நாலந்தா கெடிகேயைப் பாருங்கள். பௌத்த ஆலயம், கட்டடமோ திராவிடப் பாணி. போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க அதைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே மறுபடி நிறுத்தினார்கள். அக்கற்களை வாசித்துச் சொல்ல வரலாறு படித்தவன் வேண்டும். தோட்டத்து லயன்களின் கதையை எழுதச் சமூகவியல் படித்தவள் வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் சங்கிலி எத்தனை பவுண், அடகு எந்த மாதம் மீட்பதாக எண்ணம் என்று முதலில் கேட்கிறேன். பிள்ளையிடம், பட்டத்தோடு சிங்களமும் ஆங்கிலமும் எழுதுமளவுக்குக் கற்பாயா என்று கேட்கிறேன். அதன் பிறகே விண்ணப்பப் படிவத்தை எடுக்கிறோம்.