எண்ணெய் கல்லாகிறது! ஓட்டல் சாக்கடையில் காத்திருக்கும் ஆபத்து

லண்டன் நகரில், ஒரு தெருவுக்கு அடியில் ஒரு பூதம் படுத்திருந்தது. அதன் நீளம் 250 மீட்டர். எடை 130 டன். 2017-ம் ஆண்டு செப்டம்பரில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

என்ன பூதம் அது? சாக்கடையில் கொட்டிய சமையல் எண்ணெயும், கொழுப்பும், குப்பையும் சேர்ந்து இறுகிய கட்டி! அதை உடைத்து எடுக்க 9 வாரங்கள் ஆயின.

கல்லாவது எப்படி?

ஓட்டல் சமையல் அறையில் எண்ணெய் சூடாக இருக்கிறது. தண்ணீர் போல ஓடுகிறது. குழாய்க்குள் போனதும் ஆறிவிடுகிறது, சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சாக்கடையில் உள்ள சுண்ணாம்புச் சத்துடன் கலந்து, சோப்புக் கட்டி போல் இறுகுகிறது. அதன் மேல் சோறும் டீத்தூளும் படிகின்றன. நாளாக ஆக, வழி அடைபடுகிறது.

வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது எண்ணெயைச் சிறிது தூரம் தள்ளிவிடும், அவ்வளவுதான். அங்கே போய் மறுபடியும் உறையும்.

யார் இறங்குவது?

நம் நாட்டிலும் ஓட்டல்கள் உண்டு, அடைப்பும் உண்டு. அடைத்துக் கொண்டால், பல இடங்களில் ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

உள்ளே விஷ வாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார்.

பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வேலைக்கு அமர்த்திய தனியாரும் தப்ப முடியாது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால், எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்புமா?

ஒரு தொட்டி போதும்

சமையல் அறைத் தண்ணீர், சாக்கடைக்குப் போகும் முன் ஒரு தொட்டியில் தங்கிப் போகவேண்டும். அங்கே எண்ணெய் மேலே மிதக்கும். மண்டி அடியில் தங்கும். நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளியே போகும். தொட்டியில் கால் பங்கு சேர்வதற்குள் கசடை அள்ளிவிட வேண்டும்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொட்டவே வேண்டாம். அதிலிருந்து டீசல் தயாரிக்கிறார்கள். தனியே சேர்த்து விற்றால் காசு!

வீட்டிலும் இதே கதைதான். எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் குழாய் அடைக்காது. யாரும் குழியில் இறங்கவும் வேண்டாம்.