டிரை சம்ப்புக்கு லோன் கொடுக்கலாமா?

புனேயில் நம்மூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு மூன்று விஷயத்தைத்தான் சுற்றும். பிள்ளைகளின் பிளேஸ்மென்ட், ஊரில் வாங்கிப் போட்ட மனை, பொங்கலுக்கு ரயில் டிக்கெட். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: டிரை சம்ப். சிரிக்காதீங்க. எங்கள் அபார்ட்மென்டில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் இரண்டு வாரமாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேட்டர் இதுதான். என் மூத்த பெண் இங்கே ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற ஃபார்முலா பாரத் போட்டிக்காக அவள் குழு ஒரு குட்டி ரேஸ் கார் கட்டுகிறது. பெட்ரோல் கார் என்றால் விதிப்படி 710 சிசிக்கு மிகாத நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். அதனால் பெரும்பாலான குழுக்கள் பைக் எஞ்சினையே காரில் வைக்கின்றன. இவர்களிடம் இருப்பதும் ஒரு பழைய 600 சிசி பைக் எஞ்சின். அதை டிரை சம்ப்பாக மாற்ற தலைக்கு 15,000 ரூபாய் வேண்டுமாம்.

அதே குழுவில் மகனை வைத்திருக்கும் மாடி வீட்டு நண்பர் கொதித்துவிட்டார். "சார், ஜப்பான்காரன் பார்த்துப் பார்த்து செஞ்ச எஞ்சின். பைக்ல நல்லாத்தானே ஓடிச்சு? இதுங்க எதுக்கு அதைப் பிரிச்சு மேயுதுங்க?"

நியாயமான கேள்வி. பதிலும் அதிலேயே இருக்கிறது: பைக்கில் ஓடியது.

பி.காம் படித்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீங்க. லோன் கொடுக்கிறவன் எல்லாத் தொழிலையும் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாதாரண எஞ்சினில் ஆயில் அடியில் உள்ள தொட்டியில் கிடக்கும். ஒரு குழாய் அதை உறிஞ்ச, பம்ப் அதை பேரிங்குகளுக்குத் தள்ளும். இது வெட் சம்ப். தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் சிந்தாது இல்லையா, பைக்கிலும் அதே கதைதான். வளைவில் வண்டியே சாய்வதால் ஆயில் தொட்டியின் அடியிலேயே நிற்கும்.

கார் அப்படிச் சாயாது. பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகும்போது ஆயிலின் மட்டம் 45 டிகிரி சரிந்து ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். உறிஞ்சும் குழாய்க்குக் காற்றுதான் கிடைக்கும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கிற மெல்லிய ஆயில் படலம் அறுந்தால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் காலி. ஆக, செய்தவன் மேல் குறையில்லை. பைக்குக்குச் செய்ததை காரில் வைத்ததால் வந்த வினை.

டிரை சம்ப்பில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்காது. ஸ்கேவெஞ்ச் பம்ப் என்று தனியாக ஒன்று, விழுகிற ஆயிலை உடனுக்குடன் உறிஞ்சி வெளியே உள்ள உயரமான, ஒடுங்கிய டேங்குக்கு அனுப்பிவிடும். அங்கே நுரை அடங்கி, அழுத்த பம்ப்புக்கு மறுபடி வரும். காற்றையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் ஸ்கேவெஞ்ச் பம்ப்பின் கொள்ளளவு அழுத்த பம்ப்பை விட அதிகம் இருக்க வேண்டும். ஆழமான தொட்டி போய்விடுவதால் எஞ்சினை இன்னும் தாழ்வாக உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

செலவுப் பக்கமும் உண்டு. கூடுதல் எடை, ஹோஸ்கள், ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு வாய்ப்பு, பம்ப்பைச் சுழற்ற ஒரு ஏற்பாடு. பைக் எஞ்சினில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன. அங்கே தேங்குவதையும் எடுத்தாக வேண்டும்.

அதனால் ரோட்டில் ஓட்டுகிற பைக்கை மாற்ற நினைக்கிற தம்பிகளுக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு ஹோஸ் கழன்று பின் டயரில் ஆயில் கொட்டினால் உயிருக்கே உலை. டிரை சம்ப் ஒன்றும் கௌரவப் பட்டமும் இல்லை. திருவொற்றியூரில் செய்த பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் டிரை சம்ப்தான். பின்னால் வந்த யூசிஇ எஞ்சினில் கம்பெனியே வெட் சம்ப்புக்கு மாறிவிட்டது.

சரி, பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கலாமா? நான் என் பெண்ணிடம் பிராஞ்சில் கேட்பதையே கேட்டேன். ஆயில் பிரஷர் விழுகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? மலிவான வழியை முயன்று பார்த்தீர்களா? தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்தால் போதாதா? அவள் கோபித்துக்கொள்ளவில்லை. லேப்டாப்பைத் திறந்து சோதனை ஓட்டத்தின் கிராஃபைக் காட்டினாள். நீண்ட இடது வளைவு ஒவ்வொன்றிலும் கோடு கீழே விழுகிறது. தகடு வைத்த பிறகு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. எண்டூரன்ஸ் பிரிவில் சுமார் 22 கிலோமீட்டர் ஓட வேண்டும். பாதியில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் ஒரு வருட உழைப்பு போச்சு.

நான் கொடுத்துவிட்டேன்.

நம்மை மாதிரி ஊரை விட்டு வந்தவர்களுக்கு டிகிரிதான் சொத்து. அதனால் மார்க் ஷீட்டில் ஏறாத எதுவும் நமக்கு வெட்டிச் செலவாகத் தெரிகிறது. ஆனால் அளந்து பார், மலிவான வழியை முதலில் முயன்று பார், அப்புறம் பணம் கேள் என்பதை எந்த கோச்சிங் சென்டரும் சொல்லித் தருவதில்லை. போட்டியிலும் நடுவர்கள் ஒவ்வொரு முடிவுக்கும் "ஏன்?" என்று கேட்டு மார்க் போடுகிறார்கள், செலவுக் கணக்குக்கும் தனி மார்க். இருபது வயதில் இதற்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, நாளைக்கு எந்த மேனேஜர் முன்னாலும் திணறாது.

மற்ற அப்பாக்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். கேட்டதும் கொடுக்காதீங்க, கேட்காமலே மறுக்கவும் மறுக்காதீங்க. அந்த கிராஃபை ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. விளக்கிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 15,000 ரூபாய் தாராளமாக சாங்ஷன் பண்ணலாம்.